4 ஜிபி ரேம், ஆறாம் தலைமுறை ஐ3 லேப்டாப்: விண்டோஸ் 10-லிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு மாறலாமா?

வைகைக்கரை:

வணக்கம். வீட்டு லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றலாம் என்று இருக்கிறோம். செய்து பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

மெஷின்: டெல் இன்ஸ்பிரான் 15, இன்டெல் ஐ3-6006யூ, 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி சுழலும் ஹார்ட் டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இப்போது விண்டோஸ் 10 ஹோம் 22எச்2 ஓடுகிறது. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடப் பார்த்தால் பிராசசர் தகுதிப் பட்டியலில் இல்லை என்று நிறுத்திவிடுகிறது.

பயன்பாடு பெரிதாக ஒன்றுமில்லை. பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், கூகுள் மீட்டில் தம்பியின் வகுப்புகள், பேங்க், வருஷத்துக்கு ஒரு முறை வருமான வரி ரிட்டர்ன். அம்மா தமிழ்99 முறையில் நிறைய தட்டச்சு செய்வார். இப்போது அதற்கு என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள். பாமினி எழுத்துருவில் பழைய வேர்ட் கோப்புகளும் இருக்கின்றன. பிரிண்டர் கேனன் எல்பிபி2900.

எந்த லினக்ஸ்? விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் போடுவதா, அழித்துவிட்டுப் போடுவதா? தமிழும் பிரிண்டரும் ஒழுங்காக வருமா?

கட்டற்றவன்:

மாறலாம். இந்த மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசையில், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பை எடுங்கள். 22 வரிசை முழுவதற்கும் 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. சின்னமன் பதிப்பு பார்வைக்கு இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் சும்மா இருக்கும்போதே எக்ஸ்எஃப்சிஇயை விட அதிக ரேம் பிடிக்கும். 4 ஜிபியில் அந்த வித்தியாசம் பிரவுசரில் இரண்டு மூன்று டேப்புக்குச் சமம்.

ஆனால் லேப்டாப் மந்தமாக இருப்பதற்கு விண்டோஸை மட்டும் குறை சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் அந்த ஹார்ட் டிஸ்க்தான் பெரிய காரணம். ரேம் நிறைந்ததும் சிஸ்டம் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதும். சுழலும் டிஸ்க்கில் அது நடக்கும்போது மவுஸ்கூட நின்று நின்றுதான் நகரும். அதே டிஸ்க்கில் மின்ட் போட்டால் ஓரளவு தேறும், அவ்வளவுதான். பிறகு லினக்ஸும் மெதுவாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் பேச்சு வரும்.

அதனால் அழிப்பதும் வேண்டாம், பக்கத்தில் போடுவதும் வேண்டாம். புது எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி அதில் மின்ட் போடுங்கள். பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே கழற்றி வையுங்கள். ஒத்துவராவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், ஒரு கோப்பும் போகாது. புதிதாக மாறுகிறவர்கள் தரவை இழப்பது பெரும்பாலும் பார்ட்டிஷன் பிரிக்கும் இடத்தில்தான். இந்த வழியில் அந்த வேலையே இல்லை.

வாங்க வேண்டியவை: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன், 240 அல்லது 256 ஜிபி. கடையில் எம்.2 வகையைத் தூக்கிக் கொடுப்பார்கள்; ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அது உட்காராது. கூடவே 2.5 அங்குல டிஸ்க்குக்கான யுஎஸ்பி 3.0 கேஸ் ஒன்று. பழைய டிஸ்க்கை அதில் போட்டால் கோப்புகளை எடுக்கவும் பிறகு பேக்கப் எடுக்கவும் ஆகும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. கையில் காசு இருந்தால் 4 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ரேம் இன்னொன்று. வாங்கும் முன் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் காலி இடம் இருக்கிறது. உங்கள் பிராசசர் 2133 வேகத்தில்தான் ரேமை ஓட்டும். 2400, 2666 என்று எழுதிய குச்சியைப் போட்டாலும் தானே இறங்கி வேலை செய்யும், பயமில்லை. எஸ்எஸ்டி, ரேம் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டி.

விண்டோஸில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அந்த டிக்கை எடுங்கள். இது இருக்கும்வரை நீங்கள் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதி உறக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் கழற்றிய டிஸ்க்கை மின்ட்டில் செருகினால் படிக்க மட்டுமே விடும், அல்லது திறக்கவே திறக்காது. இரண்டு, செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அணைத்து, முழுவதும் விடுவிக்கும்வரை பொறுங்கள். அணைக்க விருப்பமில்லாவிட்டால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போதே வரும் அடிப்படை அமைப்புத் திரை) ஏதாவது மாற்றினால் விண்டோஸ் அந்த எண்ணைத்தான் கேட்கும்.

பென்டிரைவ் தயாரிப்பது: மின்ட் தளத்தில் எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான ஒரே கோப்பு) 3 ஜிபிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். டவுன்லோட் ஆனதும், பூட் ஆகும் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் நிரலில் அந்த ஐஎஸ்ஓவைத் தேர்ந்து, பக்கத்திலுள்ள சிறிய டிக் பட்டனை அழுத்தினால் எஸ்எச்ஏ256 தொகை (கோப்பு முழுதாக இறங்கியதா என்று சரிபார்க்கும் எண்) காட்டும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் தொகையோடு முதல் எட்டு, கடைசி எட்டு எழுத்துகளையாவது ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடுதான் நடுவழியில் நிற்கும் இன்ஸ்டாலுக்கு அடிக்கடி காரணம். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டு நாள்முழுக்கத் தேடுகிறவர்கள் நிறைய. ரூஃபஸில் ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்று விட்டு ஸ்டார்ட். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ. அது பூட் ஆகாவிட்டால்தான் டிடி. பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

டிஸ்க்கைக் கழற்றும் முன்பே இதைச் சோதித்துவிடுங்கள். லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்ததும் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். யுஇஎஃப்ஐ தலைப்பின் கீழ் இருக்கும் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் லோகோ வந்து திரை கறுத்துப்போனால், மறுபடி பூட் செய்து பென்டிரைவிலிருந்து வரும் மின்ட் மெனுவில் ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ வரியில் முயலுங்கள். உள்ளே போனதும் வைஃபை, ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், வெளிச்சம் கூட்டும் குறைக்கும் கீகள், டச்பேட், கூகுள் மீட்டில் கேமராவும் மைக்கும், மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா என்பது, இவ்வளவையும் பாருங்கள். இந்த நிலையில் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாக இருக்கும். அந்த வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

திருப்தி என்றால் பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு அடிமூடியைத் திறங்கள். சர்வீஸ் டேக் எண்ணைப் போட்டால் டெல் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிரித்துப் பூட்டும் கையேடு படத்தோடு கிடைக்கும். எந்தத் திருகு எங்கே, டிவிடி டிரைவை முதலில் உருவ வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகட்டுச் சட்டத்தையும் கனெக்டரையும் எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும். சட்டம் இல்லாமல் எஸ்எஸ்டியைச் சும்மா செருகி வைத்தால் லேப்டாப்பைத் தூக்கும்போது கனெக்டர் தளர்ந்து ‘டிஸ்க் இல்லை’ என்று வரும்.

பிறகு மறுபடி பென்டிரைவில் பூட் செய்து, டெஸ்க்டாப்பில் உள்ள ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ ஐகான். மொழி ஆங்கிலமே இருக்கட்டும் என்பது என் கருத்து. தமிழிலும் வைக்கலாம், ஆனால் மெனுக்கள் அரைகுறையாகத்தான் மொழிபெயர்ந்திருக்கின்றன. ஏதாவது பிரச்சினை என்று தேடும்போது திரையில் உள்ள வாசகம் ஆங்கிலத்தில் இருந்தால்தான் விடை கிடைக்கும். தமிழில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் இந்தத் தேர்வுக்கும் சம்பந்தம் இல்லை. விசைப்பலகைக்கு இந்தியா ஆங்கிலம், ரூபாய்க் குறியோடு உள்ளது. வலப்பக்க ஆல்ட் கீயோடு 4 அடித்தால் ₹ வரும். ‘மல்ட்டிமீடியா கோடெக்ஸ்’ டிக் போடுங்கள். அடுத்து ‘எரேஸ் டிஸ்க்’. உள்ளே இருப்பது புது எஸ்எஸ்டி மட்டும்தான் என்பதால் இங்கே தைரியமாக அழுத்தலாம். பழைய டிஸ்க் யுஎஸ்பி கேஸில் செருகியபடி இருந்தால் முதலில் உருவிவிடுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா. பாஸ்வேர்டைக் குறித்து வையுங்கள், ஒவ்வொரு மென்பொருள் நிறுவும்போதும் அதைத்தான் கேட்கும்.

முதல் பூட்டுக்குப் பிறகு வரவேற்புத் திரையில் இருந்தே வரிசையாகப் போங்கள். அப்டேட் மேனேஜரில் முதலில் மிரரை (கோப்புகள் இறங்கும் சர்வர்) பக்கத்தில் உள்ளதாக மாற்றினால் டவுன்லோட் வேகம் பெறும். ஃபயர்வால் அணைந்திருக்கும், ஒரு சுவிட்ச்தான், போட்டுவிடுங்கள். சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப நகல் எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டை இயக்கி தினம் 2, வாரம் 1 என்று மட்டும் வையுங்கள். அதிகமாக விட்டால் 240 ஜிபியை அதுவே விழுங்கும். ரூட் (சிஸ்டம் இருக்கும் பகுதி) நிரம்பினால் உள்ளே நுழையவே முடியாமல் போகும். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும், உங்கள் போட்டோவையும் ஆவணங்களையும் அது தொடாது. அவற்றுக்கு யுஎஸ்பி கேஸ் இருக்கிறது.

பேரேடு:

மாறும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: இந்த லேப்டாப்பில் யாராவது கணக்கு வேலை செய்கிறார்களா?

வருமான வரித் தளத்தில் நேரடியாக ரிட்டர்ன் போட்டு ஆதார் ஓடிபியில் சரிபார்ப்பது எந்த சிஸ்டத்திலும் நடக்கும். பேங்க் தளமும் அப்படியே. ஆனால் டாலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும். ஜிஎஸ்டியின் எக்ஸெல் சார்ந்த ஆஃப்லைன் கருவிகள் மேக்ரோவை நம்பி இருப்பவை, மின்ட்டில் எக்ஸெலுக்குப் பதிலாக உள்ள லிப்ரே ஆபீஸில் ஓடாது. டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கன் இருந்தால் அதன் டிரைவர், கையொப்பமிடும் துணைநிரல், பிரவுசர் மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். லினக்ஸில் இது நடத்திக் காட்டக்கூடியதுதான், ஆனால் கடைசித் தேதி இரவில் செய்கிற வேலை அல்ல. கோரல்டிரா, பேஜ்மேக்கரில் அழைப்பிதழ் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஒயினில் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் நிரல்) ஓட்டலாம் என்று சொல்வார்கள். பிழைப்புக்கான மென்பொருளை ஒயினை நம்பி மாற்றாதீர்கள். 4 ஜிபி ரேமில் விர்ச்சுவல் பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓட்டும் நிரல்) விண்டோஸ் என்பதும் ஆகாத காரியம்.

உங்கள் பட்டியலில் இதெல்லாம் இல்லை, ஆகவே தடையும் இல்லை. அவசரமும் இல்லை: தனிப்பட்ட பயனர்களுக்கான நீட்டிப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்தால் விண்டோஸ் 10 22எச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. கழற்றி வைக்கப்போகும் பழைய டிஸ்க்கிலும் இதைப் பதிந்துவிட்டே கழற்றுங்கள். எப்போதாவது மாட்ட வேண்டி வந்தால் பயன்படும்.

மூன்றாம்படி:

மின்ட்டுக்குப் பதில் ஸோரின் பார்க்கலாமே? விண்டோஸ் மாதிரியே இருக்கிறது, வீட்டில் மற்றவர்களுக்குப் பழக எளிது.

கட்டற்றவன்:

ஸோரின் 18 அழகாகத்தான் இருக்கிறது, 8 ஜிபி ரேம் உள்ள மெஷினுக்கு நானும் சொல்வேன். அதன் அடித்தளம் க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப். 4 ஜிபியில் பிரவுசரும் மீட்டும் சேர்ந்து ஓடும்போது மூச்சு முட்டும். மின்ட் எக்ஸ்எஃப்சிஇயிலும் கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று அதே அமைப்புதான். பழக ஒரு வாரம்கூட ஆகாது.

விசைப்பலகை:

தமிழ்ப் பகுதியை நான் சொல்கிறேன். இதைச் சரியாக வைக்காததால்தான் லினக்ஸே வேண்டாம் என்று திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

என்எச்எம் ரைட்டர் லினக்ஸில் கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் மின்ட்டில் தமிழ்99 இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று உங்கள் அம்மாவுக்கு ஆகாது. கீபோர்டு செட்டிங்ஸில் லேஅவுட் பட்டியலில் இந்தியாவின் கீழ் ‘தமிழ்நெட் 99’ என்று ஒன்று வரும். எல்லோரும் முதலில் அதைத்தான் சேர்ப்பார்கள். அது எழுத்துகளை மட்டும் சரியான கீயில் வைத்திருக்கும், தமிழ்99-இன் உயிரான தானாகப் புள்ளி விழுவது அதில் இல்லை. அ, ம, ம, ஆ என்று அடித்தால் ‘அம்மா’ வர வேண்டும். அந்த லேஅவுட்டில் புள்ளியை நீங்களே போட வேண்டும். வேகமாக அடிக்கிறவருக்கு இரண்டே வரியில் வெறுத்துவிடும்.

வேண்டியது பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் நிரல், அதோடு அதற்கான எம்17என் இணைப்பு. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் என்று தேடினால் ‘ஐபஸ்-எம்17என்’ பொதி வரும், நிறுவுங்கள். பிறகு மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து ஐபஸைத் தேர்ந்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். லாக்அவுட் செய்யாமல் தேடினால் ஒன்றும் தெரியாது. உள்ளே வந்ததும் ‘ஐபஸ் பிரிஃபரன்சஸ்’, இன்புட் மெத்தட் தாவல், ஆட், தமிழ். அங்கே தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி என்று பல இருக்கும், தமிழ்99-ஐச் சேருங்கள். ஆங்கிலத்தையும் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ள வழி இருக்காது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அடித்தால் மாறும். வேறு கீ வேண்டுமானால் அதே திரையின் முதல் தாவலில் மாற்றலாம்.

சோதிக்க மூன்று சொற்கள் போதும்: அம்மா, தங்கம், பந்து. இரட்டிப்பிலும் இனஎழுத்திலும் புள்ளி தானே விழுந்தால் சரியான முறை அமைந்துவிட்டது.

அடுத்தது லிப்ரே ஆபீஸ். இதில் ஒரு நுட்பம் தெரியாவிட்டால் தலைவலி. லிப்ரே ஆபீஸ் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு வகையில் வைக்கிறது. ஆகவே ஒரே பத்தியில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறு எழுத்துரு என்று இரண்டு அமைப்புகள் தனித்தனியாக ஓடும். ஆங்கிலத்துக்கான இடத்தில் எழுத்துருவையும் அளவையும் மாற்றிவிட்டு, தமிழ் மாறவே இல்லையே என்று கேட்பார்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் பக்கத்தில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ டிக் போட்டு, அதன் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே ஆப்ஷன்ஸில் ரைட்டரின் கீழ் ‘பேசிக் ஃபான்ட்ஸ், சிடிஎல்’ என்று புதிதாக ஒரு பக்கம் முளைக்கும். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 12. ஒரு தடவை வைத்தால் போதும்.

பாமினிக் கோப்புகள் கதை வேறு. பாமினியில் எழுதியது கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மட்டும் தமிழாகக் காட்டுகிறது. ஆகவே எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ‘தமிழ்’ என்பது பொருளில்லாத ரோமன் எழுத்துக் கோவையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பழைய டிஸ்க்கில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினி டிடிஎஃப் கோப்பை எடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ‘.ஃபான்ட்ஸ்’ என்று புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர் ஒன்று உருவாக்கி (பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில்) அதில் போடுங்கள். லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தால் கோப்பு பழையபடி தெரியும். புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர் மறைந்திருக்கும். கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் வெளிவரும்.

பார்ப்பதற்கு இது போதும். ஆனால் நேரம் கிடைக்கும்போது அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். பாமினியில் உள்ள கோப்புக்குள் தமிழில் தேட முடியாது, இன்னொருவருக்கு அனுப்ப முடியாது, கைப்பேசியில் படிக்க முடியாது. பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் பிரவுசரிலேயே கிடைக்கின்றன. மாற்றும்போது கவனிக்க ஒன்று: கோப்பில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். ஊர்ப்பெயர், மின்னஞ்சல் முகவரி, அளவுக் குறிகளை எல்லாம் மாற்றிய பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

லதா எழுத்துருவில் உள்ள யுனிகோடு கோப்புகள் திறக்கும், படிக்கலாம். ஆனால் லதா மின்ட்டில் இல்லாததால் வேறு எழுத்துரு வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறி வரி உடைந்து, நான்கு பக்கம் ஐந்தாகும். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப்பாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

வைகைக்கரை:

மிக்க நன்றி, எல்லோருக்கும். எஸ்எஸ்டி, கேஸ், ரேம் வாங்கியாயிற்று. ஸ்லாட் இரண்டில் ஒன்று காலியாகத்தான் இருந்தது. பென்டிரைவில் பூட் ஆகிறது. வைஃபை, ஒலி, கேமரா, மூடி எல்லாம் சரி. எஸ்எஸ்டியை மாட்டி இன்ஸ்டால் போட்டால் ‘இன்டெல் ஆர்எஸ்டியை அணையுங்கள்’ என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறது, மேலே போக விடவில்லை. என்ன செய்ய? பிரிண்டர் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கட்டற்றவன்:

ஆர்எஸ்டி என்பது இன்டெல்லின் டிஸ்க் மேலாண்மை முறை. லேப்டாப் வெளியே வரும்போதே பயாஸில் சாட்டாவை ‘ரெய்ட் ஆன்’ என்று வைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் இன்ஸ்டாலர் டிஸ்க்கை நேரடியாகக் கையாள முடியாது என்று நிறுத்துகிறது. எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் ‘சாட்டா ஆபரேஷன்’ வரியை ‘ஏஎச்சிஐ’ ஆக்குங்கள். பழைய பயாஸில் அது அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும். எச்சரிக்கை ஒன்று வரும், சரி என்று சொல்லி எஃப்10-இல் சேமித்து வெளியே வாருங்கள். அந்தப் பக்கம் இனி வராது.

இதே இடத்தில் விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருந்திருந்தால் விஷயம் சிக்கல். ரெய்ட் நிலையில் நிறுவிய விண்டோஸ், ஏஎச்சிஐக்கு மாற்றினால் நீலத்திரையில் நின்றுவிடும். முன்கூட்டியே சேஃப் மோடில் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். உங்களுக்கு அந்த வேலை இல்லை. ஆனால் எப்போதாவது பழைய டிஸ்க்கை உள்ளே மாட்டினால் முதலில் பயாஸில் ‘ரெய்ட் ஆன்’ ஆக்கிவிட்டு பூட் செய்யுங்கள். டிஸ்க்கின் மேலேயே பேனாவில் ‘ரெய்ட் ஆன்’ என்று எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு வருஷம் கழித்து யாருக்கும் இது நினைவிருக்காது.

செக்யூர் பூட்டைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். மின்ட் அதோடு ஒத்துப்போகும். கோடெக்ஸ் டிக் போட்டபோது செக்யூர் பூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு கேட்டால் ஏதாவது எளிதாகக் கொடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பூட்டில் நீலத்திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ என்று வரும். அதைத் தேர்ந்து, கன்டினியூ, யெஸ், அந்தப் பாஸ்வேர்டு, ரீபூட். பத்து வினாடிக்குள் கீயைத் தட்டாவிட்டால் திரை தானே கடந்துபோய்விடும். அப்படிப் போனால் வெளியார் டிரைவர்கள் ஏறாது. என்விடியா கார்டோ சில பிராட்காம், ரியல்டெக் வைஃபையோ இருப்பவர்கள் ‘டிரைவர் போட்டும் வேலை செய்யவில்லை’ என்று சொல்வதில் பாதி இதுதான். உங்களுக்கு லைவ் நிலையிலேயே, அதாவது பென்டிரைவிலிருந்து ஓடியபோதே, வைஃபை வந்துவிட்டதால் கவலை இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு வராவிட்டால், கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் மின்ட்டுக்கு இணையம் கிடைத்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜர் பார்த்துக்கொள்ளும்.

ரேம் 8 ஆகிவிட்டதால் சின்னமன் பதிப்புகூடப் போடலாம் இனி. எனினும் ஐ3-6006யூவுக்கு டர்போ கிடையாது, 2 கிகாஹெர்ட்ஸில்தான் நிற்கும். எக்ஸ்எஃப்சிஇயே விரைவாக இருக்கும்.

மென்பொருள் நிறுவும்போது சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரே பெயர் சிஸ்டம் பொதியாகவும் ஃபிளாட்பேக்காகவும் இரண்டு விதமாக இருக்கும். ஃபிளாட்பேக் புதிய பதிப்பாக இருக்கும், ஆனால் முதல் தடவை அடித்தளக் கோப்புகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். கைப்பேசி டேட்டாவில் இருப்பவர்கள் அழுத்தும் முன் அளவைப் பாருங்கள்.

மூன்றாம்படி:

எல்பிபி2900 பற்றி. இது கேனனின் கேப்ட் என்ற தனி முறையில் பேசும் பிரிண்டர். பிடிஎஃப்பையோ போஸ்ட்ஸ்கிரிப்ட்டையோ தானே புரிந்துகொள்ளாது, எல்லாவற்றையும் கணினியில் உள்ள டிரைவர்தான் சமைத்து அனுப்ப வேண்டும். ஆகவே மின்ட்டில் செருகியதும் பெயர் தெரியும், அச்சு வராது. கேனன் தளத்தில் லினக்ஸுக்கான கேப்ட் டிரைவர் இருக்கிறது. அது பழையது, 32 பிட் நூலகங்கள் கேட்கும், சிசிபிடி என்ற பின்னணி நிரல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அச்சாகும். ரீஸ்டார்ட் செய்தபின் அந்த நிரல் எழாமல் போவதும், யுஎஸ்பி கேபிளைக் கழற்றி வேறு துளையில் மாட்டினால் பிரிண்டரைத் தொலைப்பதும் வழக்கம். டெர்மினலுக்குப் பழகியவருக்கு ஓட்ட முடியும். புதிதாக மாறும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாதத்துக்கு நாலைந்து பக்கம்தான் என்றால் பிடிஎஃப்பாக்கி வெளியே அச்செடுப்பது சுலபம். அடிக்கடி தேவை என்றால் அடுத்த பிரிண்டர் வாங்கும்போது ஏர்பிரின்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் ஆதரவு உள்ளதாகப் பாருங்கள். அவை டிரைவரே இல்லாமல் வைஃபையில் தானே பட்டியலில் வந்துவிடும். எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: எச்பிலிப் என்ற எச்பி பிரிண்டர் மென்பொருள் ஏற்கெனவே மின்ட்டில் இருந்தாலும் அந்த மாடலுக்குத் தனியாக ‘பிளகின்’ இறக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பிரிண்டருக்குள் ஃபர்ம்வேரைக் கணினிதான் ஏற்றுகிறது. எச்பி டிவைஸ் மேனேஜரில் பிரிண்டரைச் சேர்க்கும்போது அதுவே கேட்கும், ஒப்புக்கொண்டால் போதும்.

வைகைக்கரை:

ஏஎச்சிஐக்கு மாற்றியதும் இன்ஸ்டால் முடிந்தது. எக்ஸ்எஃப்சிஇதான் போட்டோம். ஐபஸில் அம்மா, தங்கம், பந்து மூன்றும் சரியாக விழுகின்றன. பாமினிக் கோப்புகளும் திறந்துவிட்டன. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டால் விண்டோஸ் கோப்புகள் எல்லாம் தெரிகின்றன. அதை அப்படியே வைத்துக்கொண்டு அதிலேயே மின்ட்டின் பேக்கப்பும் எடுக்கலாமா?

கட்டற்றவன்:

கோப்புகளை நகலெடுத்து வைக்கலாம், என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) டிஸ்க்கில் மின்ட் நன்றாகவே எழுதும். ‘பேக்கப் டூல்’ என்று மெனுவில் இருப்பது ஹோம் ஃபோல்டரை ஒரே தொகுப்புக் கோப்பாகக் கட்டித் தரும், அதை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். டைம்ஷிஃப்ட்டின் இலக்காக மட்டும் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கு லினக்ஸ் கோப்பு முறையில் உள்ள பார்ட்டிஷன் வேண்டும். எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும்.

பேக்கப்பை சி டிரைவில் எழுதாமல், டி என்று வேறு பார்ட்டிஷன் இருந்தால் அதில் எழுதுங்கள். உருவும் முன் ஒவ்வொரு முறையும் ஃபைல் மேனேஜரில் பக்கத்திலுள்ள எஜெக்ட் குறியை அழுத்தி, ‘எழுதிக்கொண்டிருக்கிறது’ என்ற அறிவிப்பு மறைந்தபிறகே கேபிளைத் தொடுங்கள். மின்ட் எழுத வேண்டியதை முதலில் ரேமில் சேர்த்து வைக்கும்; நகல் முடிந்ததாகத் திரையில் காட்டிய பிறகும் பெரிய கோப்பு என்றால் ஓரிரு நிமிடம் உள்ளுக்குள் எழுதிக்கொண்டுதான் இருக்கும். இடையில் உருவினால் அந்தக் கோப்பு அரைகுறையாகும், விண்டோஸில் மாட்டிப் பிழைதிருத்தம் ஓட்டும்வரை அந்தப் பார்ட்டிஷன் மின்ட்டில் திறக்கவும் மறுக்கலாம்.